வாய்க்கால் கதவு – 11: செல்வராசாவின் இரண்டு ஏக்கர்

செல்வராசாவின் வயலுக்குள் தண்ணீர் புகுந்த செய்தி முரசுமோட்டை ஊரைச் சுற்றிவர ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. விடியப்புறம் ஐந்தரைக்கு யதுர்ஷிகாவின் கைபேசி அடித்ததோடு போன கிழமை நின்றோம் அல்லவா? அந்த அழைப்பு கொண்டுவந்த சேதியும் இதுதான்.

முளைகட்டிய நெல்லை அவர் சேற்றில் வீசி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாட்களில் வயல் வடிந்து கிடக்க வேண்டும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் எட்டிப் பார்க்கக்கூடாது. ஆனால் வாய்க்கால் நிரம்பி, வரம்பை மேவிப் பாய்ந்து, விதையை எல்லாம் வழித்து ஒரு மூலையில் கொண்டுபோய்க் குவித்துவிட்டது. கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். மறுபடி உழுது விதைக்க அவருக்கு நாலைந்து நாள்தான் இருந்தது.

கதவைத் திறந்துவிட்டது மனிதக் கை இல்லை. ஒரு பெட்டி.

பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கணினி இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும், குறைந்தால் கதவைத் திறக்கும், கூடினால் மூடும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அதைச் செய்தவள் யதுர்ஷிகா. கிளிநொச்சியில் பல்கலைக்கழகக் கம்பசில் ஆராய்ச்சி செய்கிறாள், ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் தலைவர் கதிர்காமநாதனின் மூத்த மகள்.

இதில் என்ன பெரிய ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கருவியை நூறு தரம் இயக்கிப் பார்த்து நூறு தரமும் சரியென்றால் நாங்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். யதுர்ஷிகாவுக்கு அது காணாது. நூற்றோராவது தரம் என்ன செய்யும்? எந்த நிலையிலும் அது பிழை விட வழியே இல்லை என்று கணிதத்தால் காட்ட வேண்டும். 'தண்ணீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் பத்து விநாடிக்குள் கதவு மூடியே தீரும்.' இந்த ஒரு வரியை நிரூபிக்க அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. வருகிற வியாழக்கிழமை பேராசிரியர்கள் வந்து பெட்டியை நேரில் பார்ப்பதாக இருந்தது. இந்தப் போகம் முழுக்க அது வாய்க்காலில் நின்று வேலை செய்தால்தான் ஆராய்ச்சி நிறைவேறும். நிற்காவிட்டால் மூன்று வருடமும் தண்ணீரோடு போனதுதான்.

அதனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, முகம்கூடக் கழுவாமல், விறாந்தைக் கதிரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நிரூபணத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பச்சையில் 'சரி' என்று வந்தது. இன்னொரு தரம் ஓட்டினாள், சரி. மூன்றாம் தரமும் சரி என்று வந்தபோது அந்தப் பச்சை எழுத்தைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பிள்ளை சொல்லுது?" என்று கேட்டார் கதிர்காமநாதன். அவர் இன்னும் சாரத்தை மடித்துக்கட்டியபடி, அங்கே இங்கே என்று நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

"பிழையில்லையாம்."

"அப்ப செல்வராசான்ர வயலுக்கை நிக்கிறது தண்ணியில்லையோ?"

"அப்பா, நீங்களும் தொடங்காதேங்கோ."

"நான் தொடங்கேல்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம் வைக்கச் சொல்லிச் செயலாளர் தில்லைநாதன் நிக்கிறான். நான் சொல்லித்தானே சனம் இந்தப் பெட்டிக்கு ஒத்துக்கொண்டது? தலைவரெண்டு அங்க குந்தியிருந்து நான் என்னத்தைச் சொல்ல?"

அந்த நேரம் பார்த்து நிருஷன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். தம்பிக்காரன். பெட்டிக்கு வயர் இழுத்தது, கம்பத்தில் பூட்டியது எல்லாம் அவன் கைவேலை. செல்வராசா கத்திய சத்தத்தில் முதலில் ஓடிப்போய்க் கதவைக் கையால் சுற்றி மூடியவனும் அவன்தான். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

யதுர்ஷிகா மடிக்கணினியை மூடினாள். "நிருஷன், எந்த வயர் கழண்டது?"

"ஒண்டும் கழரேல்லை."

"பொய் சொல்லாத. புரோகிராமில பிழை இருக்க ஏலாது. நான் நிரூபிச்சிருக்கிறன். அப்ப மிச்சம் என்ன? உன்ர வேலைதான்."

நிருஷன் அவளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் விட்டுவிட்டான்.

"என்ன, வாய் திறக்கிறாயில்லை? கோர்ஸை அரைவாசியில விட்டுட்டு வந்தனீ. அதே மாதிரி இதையும் அரைகுறையாச் செய்துபோட்டு, கடைசியில பழி என்ர தலையில."

அதை அவள் சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன கணமே அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் எரிச்சலில் வந்த சொல்லைத் திரும்ப விழுங்குகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. நிருஷன் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினான். குசினிக்குள் போய்ச் சாப்பிடாமல், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அவன் ஒண்டும் சொல்லேல்லைத்தானே. அப்ப ஓமெண்டுதான் அர்த்தம்," என்றாள் யதுர்ஷிகா, அப்பா கேட்காத கேள்விக்கு.

பத்து மணிக்கு அவளும் சைக்கிளில் வாய்க்கால் கட்டால் போனாள். சோளகக் காற்று முகத்தில் அடித்தது. மேல்வயல்களைக் கடந்து போகும்போது இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். வழக்கமாக 'மிஸ், எப்பிடிச் சுகம்?' என்று கேட்பவர்கள், இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வயராகப் பார்த்தாள். பிழை பிடிக்கத்தான் வந்திருந்தாள், பிடித்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. நிருஷனின் வேலையில் நகம் நுழையவும் இடமில்லை. ஒவ்வொரு மூட்டிலும் இறுக்கிச் சுற்றிய நாடா, எறும்பு போகாமல் துளை வாயில் மெழுகு, எந்த வயர் எதற்கு என்று சின்னச் சின்னத் துண்டில் எழுதி ஒட்டியிருந்தான். அவள் சொல்லிக்கொடுக்காத வேலை அது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தில் இன்னும் கோபம் வந்தது.

மிச்சம் இருந்தது உணரி மட்டும்தான். தண்ணீருக்கு மேல் நீட்டிய கம்பியில், தகரக் கூரைக்குக் கீழே குனிந்து பார்த்தபடி இருக்கும். அதற்கு வட்டமாக இரண்டு கண். ஒரு கண் சத்தம் அனுப்பும், தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தத்தை மற்றக் கண் வாங்கும். திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு தண்ணீரின் மட்டம் தெரியும்.

யதுர்ஷிகா வாய்க்காலுக்குள் இறங்கி, குனிந்து, அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டு கண்ணிலும் சந்தனம். கொஞ்சநஞ்சம் இல்லை, குழைத்து அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். காய்ந்து பாளமாக இறுகியிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோசம். மறைப்பானேன், துள்ளிக் குதிக்கிற சந்தோசம். 'என்ர நிரூபணம் சரி! பெட்டியில பிழையே இல்லை!' கைபேசியை எடுத்து நாலைந்து படம் எடுத்தாள். இதைக் கூட்டத்தில் காட்டினால் தில்லைநாதன் வாயடைத்துப் போவார். பெட்டி வாய்க்காலிலேயே நிற்கும். வியாழக்கிழமையும் வரும்.

அந்தச் சந்தோசம் இரண்டு நிமிடம் இருந்தது. கண்ணை அடைத்தால் சத்தம் திரும்பி வராது, சரி. வராவிட்டால் பெட்டி என்ன செய்யும்? அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தாள். போன வருடம் வாய்க்கால் வறண்டு கிடந்தபோது, அடித்தரை எட்டாத ஆழத்தில் இருந்ததால் சத்தம் திரும்பவே இல்லை. ஆகவே, 'பதில் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று கொள்க. கதவைத் திற' என்று எழுதினாள். உணரி சொல்வது எப்போதும் உண்மை என்று வைத்துக்கொண்டுதான் மிச்ச நிரூபணம் எல்லாம். ஆயிரம் வரி கணிதத்துக்கு முதல் வரி அதுதான். அந்த வரியை மட்டும் அவள் நிரூபிக்கவில்லை, நம்பினாள்.

பதில் வராவிட்டால் தெரியவில்லை என்று அல்லவா எழுதியிருக்க வேண்டும்! தெரியாவிட்டால் மூடு என்று எழுதியிருக்க வேண்டும்! வாய்க்காலுக்குள் நின்றபடியே யதுர்ஷிகா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். முதலாம் வருடப் பிள்ளைக்குத் தெரிந்த விசயம் இது.

வயலின் மூலையில் யாரோ குனிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. செல்வராசாவின் மனைவி மீனம்மா. சேற்றோடு குவிந்த விதையைக் கையால் அள்ளி, கடகத்தில் போட்டு, வாய்க்கால் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். பாதி விதை முளை ஒடிந்து கிடந்தது. அது இனி எதற்கும் உதவாது என்று பார்த்தாலே தெரியும். மீனம்மாவுக்கும் தெரியாமலா இருக்கும்?

"வாங்க புள்ள," என்றார் நிமிர்ந்து. மீனம்மாவின் அப்பா, அம்மா மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அந்தப் பேச்சு அவர் நாக்கில் இன்னும் இருந்தது.

"அன்ரி... பெட்டியில சந்தனம் இருக்கு. ஆர் வைச்சதெண்டு தெரியுமோ?"

"நான்தான் வச்சேன்." மீனம்மாவின் முகம் மலர்ந்தது. "நேத்து வெள்ளிக்கெழம இல்லியா? ட்ராக்டர் வாங்குனா வைக்கிறோம், மிசினு வாங்குனா வைக்கிறோம், இதுக்கு யாரும் வைக்கலியேன்னு மனசு கேக்கல. குனிஞ்சு பாத்தேன், ரெண்டு கண்ணு தெரிஞ்சிச்சு. நெத்தி எதுன்னு தெரியல. அதுனால கண்ணு ரெண்டுலயும் நல்லா வச்சிட்டேன். கண்ணூறு படக்கூடாதில்ல?"

யதுர்ஷிகா கைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

"இருவது வருசமா இந்தக் கடைசி வயலுக்குத் தண்ணி வந்தா வரும், வராட்டி இல்ல. மேல இருக்கிறவங்க தொறந்து, அவங்க காணும்னு சொன்ன பெறகுதான் எங்களுக்கு. ஒங்க பெட்டி வந்துதான் மொற தவறாம வந்திச்சு. நேத்து என்னமோ அதுக்கும் வருத்தம் வந்திருச்சு போல. அவரு கோவத்துல கத்துறாரு, நீங்க மனசுல வச்சுக்காதீங்க." மீனம்மா கடகத்தைக் குலுக்கினார். "ஏன் புள்ள கேட்டீங்க?"

"சும்மா அன்ரி. பார்த்தன், அதான் கேட்டன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் கட்டின்மேல் ஏறினாள். படம் கைபேசியில் இருக்கிறது. காட்டினால் பெட்டி தப்பும். ஆனால் அதற்குப் பிறகு இந்த ஊர் மீனம்மாவை எப்படிக் கூப்பிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். 'சந்தனம் பூசித் தன்ர வயலைத் தானே அழிச்சவள்' என்று மேல்வயல்காரர் மூன்று போகத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். செல்வராசாவின் கோபமும் ஊர் அறிந்தது.

நாலு மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் ஐம்பது பேர் வரையில் கூடியிருந்தார்கள். கதிர்காமநாதன் தலைவர் கதிரையில் இருந்தார். பக்கத்தில் செயலாளர் தில்லைநாதன், முன்னால் அறிக்கைப் புத்தகம். நிருஷன் உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான்.

செல்வராசா எழுந்தார். காலையிலிருந்து கத்தியதில் குரல் கம்மிப் போயிருந்தது. "எனக்குப் பெரிய கதை தெரியாது. அந்தப் பெட்டி எனக்கு வேண்டாம். கழட்டுங்க. கையால தொறக்கிற கதவ வச்சிட்டுப் போங்க."

அவர் கேட்டது அவருக்கே பாதகமான வரம். கையால் திறக்கிற கதவு என்றால் மறுபடி மேல்வயல்காரர் தயவு. ஆனால் விதை போன மனுசனிடம் அதை எப்படிச் சொல்வது? தில்லைநாதன் வாய்க்கால் தலைப்பில் ஆறு ஏக்கர் வைத்திருப்பவர். அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"நான் அண்டைக்கே சொன்னனான்," என்றார். "படிச்ச பிள்ளையில நான் குறை சொல்லேல்லை. ஆனா வயர் இழுத்தது ஆர்? ஒரு கோர்ஸும் முடிக்காத பொடியன். அவன்ர கையில ஊர்த் தண்ணியைக் குடுத்தா இப்பிடித்தான்."

ஐம்பது தலையும் வாசலைப் பார்த்தன. நிருஷன் அசையவில்லை. கதிர்காமநாதன் கீழே பார்த்தார்.

யதுர்ஷிகா எழுந்தாள். கைபேசி அவள் கையில் இருந்தது.

"வயர் வேலையில ஒரு பிழையுமில்லை," என்றாள். "இண்டைக்கு ஒவ்வொண்டாப் பார்த்தனான். அதைவிடத் திறமா ஆரும் செய்ய ஏலாது. காலமை நான்தான் அவனை விளங்காமல் பேசினனான். பிழை என்ர. தண்ணி எவ்வளவெண்டு உணரியிட்டைப் பெட்டி கேக்கும். பதில் வராட்டித் தண்ணி இல்லையெண்டு எடுத்துக் கதவைத் திறக்கும். அப்பிடி எழுதினது நான். மூடச் சொல்லி எழுதியிருக்கோணும்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. மூன்று வருடம் நிரூபித்தேன் என்று சொன்னவள், பிழை விடவே விடாது என்று இதே இடத்தில் நின்று சொன்னவள்! யாரோ பின்னால் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

செல்வராசா சிரிக்கவில்லை. "அது சரி," என்றார். "இத்தன நாளும் பதில் வந்திச்சுத்தானே? நேத்து மட்டும் ஏன் வரல?"

நல்ல கேள்வி. கம்பசில் எந்தப் பேராசிரியரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். யதுர்ஷிகா தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை நகர்ந்தது.

"புள்ள," என்றார் மீனம்மா எழுந்து நின்று. "காலையில எங்கிட்டச் சந்தனத்தப் பத்திக் கேட்டீங்களே. நான் கண்ணுல வச்ச சந்தனத்தாலயா?"

செல்வராசா திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். தில்லைநாதன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். சிரிக்கத் தயாராகச் சில முகங்கள்.

"இல்லை அன்ரி," என்றாள் யதுர்ஷிகா. "சந்தனத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. நான் சும்மா கேட்டது. உணரி பழுது. எப்பவாவது பழுதாகிறதுதான்."

ஒரு வரி பொய்யென்றால் அதன்மேல் கட்டிய எல்லாம் பொய் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

தில்லைநாதன் லேசுப்பட்டவர் இல்லை. அறிக்கைப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "அப்ப நல்லதாப் போச்சு, பிள்ளை. கதவு திறந்ததுக்குக் காரணம் பெட்டிதான், வெளியில ஆரும் தொட்டதால இல்லையெண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. ஒரு கொப்பி உங்கட கம்பசுக்கும் அனுப்புவம். நாளைக்குப் பின்னேரம் எல்லாரும் நிக்கேக்க பெட்டியைக் கழட்டுவம்."

"பிள்ளை..." என்று தொடங்கிய கதிர்காமநாதன், மகள் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் எழுதினாள். கையெழுத்து வைத்தாள். வழக்கத்தைவிட எழுத்து சின்னதாக விழுந்தது.

வெளியே நிருஷன் மோட்டார் சைக்கிளில் இருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்பது அந்தக் குடும்பத்துக்குச் சரியாக வராது.

"நீ காலமையே சந்தனத்தைக் கண்டனீதானே?" என்று கேட்டாள். "கதவை மூடப் போகேக்க."

"ஓம்."

"நான் அவ்வளவு பேசேக்க ஏன்டா சொல்லேல்லை?"

நிருஷன் சாவியைத் திருப்பினான். "நீ இப்ப உள்ள நிண்டு ஏன் சொல்லேல்லை?"

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். நிருஷன் வண்டியைக் கிளப்பக் காலால் உதைக்கப் போனவன் நின்றான். மண்டபத்துப் படியால் இறங்கி மீனம்மா அவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். செல்வராசா கூட வரவில்லை. கிட்ட வந்ததும் மீனம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யதுர்ஷிகாவின் கையைப் பிடித்தார். சேற்றுத் தண்ணீரில் ஊறிய விரல்கள் இன்னும் வெளுத்துக் கிடந்தன.

"புள்ள, நான் பள்ளிக்கொடம் போகாதவதான். ஆனா மடச்சி இல்ல," என்றார் மெதுவாக. "நாளைக்கு எல்லாரும் நிக்கிறப்பத்தானே பெட்டியக் கழட்டப் போறாங்க. அந்தச் சந்தனம் இன்னும் அதுல இருக்கா, தொடச்சிட்டீங்களா?"